“கடைசி இல்லை” என்று நான் அடித்த தந்தி

சான் சால்வடோர்,
ஏப்ரல் 2, 1935

மனாகுவாவில், இடிந்துபோன ஐஸ் ஃபாக்டரி இருந்த மூலையிலிருந்து ஏரிப்பக்கம் இரண்டு தெரு, மேலே அரைத் தெரு, கடிகாரக் கடை வைத்து நடத்தும் மதிப்பிற்குரிய அத்தான் டொன் அன்செல்மோ அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் கசிமீரோ தலை வணங்கி எழுதிக்கொண்டது.

கன்னிமாதா கிருபையால் இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீங்களும் அப்படியே இருக்க அவளை வேண்டுகிறேன். அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பழுதுக்கு வந்த கடிகாரங்களெல்லாம் ஒரே நேரம் காட்டுகின்றனவா? நான் புறப்பட்ட வாரம் உங்கள் மூக்குக் கண்ணாடியின் மேல் நீங்களே உட்கார்ந்துவிட்டீர்களே, கிரானடாவிலிருந்து புதுக் கண்ணாடி வந்துவிட்டதா? வராவிட்டாலும் வருத்தப்படாதீர்கள். நல்லது எதுவும் மெதுவாகத்தான் வந்து சேரும், இந்தக் கடிதத்தில் வரும் விஷயமும் அப்படிப்பட்டதுதான்.

முதலில் ஒரு வேண்டுகோள். இது நமக்குள் இருக்க வேண்டிய கடிதம். உங்கள் மகள், என் மருமகள் மெர்செதீத்தாஸ் கண்ணில் இது படவே கூடாது. நீங்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை அவளுக்கு எதுவும் தெரியாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. கடைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படியுங்கள்.

முந்தாநாள் உங்களுக்கு நான் அடித்த தந்தி வந்திருக்கும். “தொரீபியோ கடைசி இல்லை. கடிதம் பின்னால்.” அவ்வளவுதான் அடித்தேன். தந்தி ஆபீசில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான், ஐந்து சொல்லுக்கு மேல் போனால் கை தானாக நின்றுவிடும். அந்த ஐந்து சொல்லில் ஒன்றுகூடப் பொய் இல்லை அத்தான். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாள்தான் தாங்கும் என்பார்கள்; நான் கெட்டிக்காரனும் இல்லை என்று நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் ஐந்து சொல்லில் அடங்காத சிலது மிச்சம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், நானும் அக்காவும் பக்கத்து வீட்டுப் பாதிரியாரும் கேட்க, நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. தபால்காரன் தொரீபியோ பெண் கேட்டு வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நீங்கள் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னீர்கள்: “நாட்டுக்காக ஓடப் போறியாமே, போ. நூறு பேர்ல தொண்ணூத்தொம்பதாவதா வா, கவலையில்ல, பொண்ணத் தர்றேன். ஆனா கடைசியா வந்தேன்னு வெச்சுக்க, என் வாசப்படிய மிதிக்காதே. கடிதம் இருந்தா சன்னல் வழியா போட்டுட்டுப் போயிட்டே இரு.” மெர்செதீத்தாஸ் உள்ளே பீங்கான் ஒன்றைக் கீழே போட்டாள். தொரீபியோ, “சரிங்க டொன் அன்செல்மோ” என்று மட்டும் சொன்னான். உங்களுடைய அந்தக் ‘கடைசி’ என்ற வார்த்தைதான் இங்கே எங்களை இரண்டு வாரமாக உயிரோடு வறுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பல நாட்டு விளையாட்டுப் போட்டிக்கு வந்த எங்கள் அணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பால் ஆடுகிறவர்கள் அடுத்த கப்பல் என்று ஏற்பாடு, அணிவகுப்பு நாள்வரை அந்தக் கப்பல் வந்து சேரவில்லை. முதல் கப்பலில் வந்தது நான்கே பேர். வாள்வீச்சுக்கு வந்த இளம் டாக்டருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல், லா யூனியோன் துறைமுகத்தில் இறங்கியதும் படுத்தவர் இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறார். ஆக நிகராகுவா தேசத்தின் அணியில் மிஞ்சியது மூன்று பேர்: ஓடுவதற்குத் தொரீபியோ, குண்டு எறிவதற்குக் கிரானடா கசாப்புக் கடை புரூனோ, கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொள்வதற்கு நான். ஊரில் நல்ல நிலையில் கறுப்புக் கோட்டு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னைத் தலைவனாகப் போட்டார்கள் என்று நீங்கள் சொன்னபோது கோபப்பட்டேன். இப்போது யோசித்தால் வேறு காரணம் எனக்கும் தெரியவில்லை.

கொரிந்தோவில் கப்பல் ஏறியதும் புரூனோ பயிற்சியைத் தொடங்கிவிட்டான். நாட்டில் எறிகுண்டு கிடைக்காததால் அவன் தன் கடைத் தராசின் பெரிய எடைக்கல்லையே கொண்டுவந்திருந்தான். ஃபொன்செக்கா வளைகுடாவின் நடுவில் அவன் எறிந்த முதல் எறி கைப்பிடிக் கம்பிக்கு மேலே போய்த் தண்ணீரில் விழுந்தது. கேப்டன் ஓடிவந்து, “இன்னா சத்தம் அது? என் கப்பல்லேர்ந்து எது போச்சு?” என்று கத்தினார். புரூனோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என் அப்பா காலத்துக் கல்லுங்க, கல்லு மாதிரி முங்கிடுச்சுங்க” என்றான். கிரானடாவில் அந்த எடைக்கல்லுக்கு இறைச்சி வாங்கியவர்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அதில் கனம் இருந்ததாக அவர்கள் யாரும் நினைத்ததில்லை.

லா யூனியோன் சுங்கத்தில் எங்கள் பினோல் மூட்டையைப் பிரித்து, இது என்ன பொடி என்று கேட்டு ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். வறுத்த சோளமும் கோக்கோவும் இடித்ததுங்க, தண்ணீரில் கலக்கிக் குடித்தால் தெரியும் என்றோம். கலக்கிக் குடித்தார்கள். அவர்களுடைய மேலதிகாரியும் வந்து குடித்தார். அவருக்கும் மேலே இருந்தவர் சுரைக்குடுக்கையோடு வந்தார். மூன்று வாரத்துக்கென்று கொண்டுவந்தது அரை மூட்டையாகத்தான் ரயிலேறியது.

இனி அணிவகுப்பு. அத்தான், நம் கொடி நீலம், வெள்ளை, நீலம், நடுவில் முக்கோணம். இந்த ஊர்க்காரர்கள் கொடியும் நீலம், வெள்ளை, நீலம், நடுவில் முக்கோணம். ஒரே தாய் வயிற்றில் பிறந்த நாடுகள், தையற்காரனும் ஒருவன்தான் போலிருக்கிறது. பிற நாடுகள் ஐம்பது பேர், நூறு பேர் என்று நடந்து போன பிறகு நான் கொடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன், பின்னால் இவர்கள் இருவர். மைதானமே எழுந்து நின்றது. அப்படி ஒரு கைதட்டலை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. பெண்கள் பூ எறிந்தார்கள். பாண்டுக்காரர்கள் இவர்களுடைய தேசிய கீதத்தையே தொடங்கிவிட்டார்கள். நம் மேல் இவ்வளவு பிரியமா என்று நான் கொடியை இன்னும் உயர்த்திப் பிடித்தேன், புரூனோ இடுப்பை வளைத்து வளைத்து வணக்கம் வைத்தான். முன்வரிசையில் ஒரு அம்மாள் மட்டும், “ஐயோ, நம்ம பசங்க மூணே பேர்தானா? அதுல ஒருத்தர் தாத்தா வேற!” என்று அழுதாள். விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் குனிந்து ஓடிவந்து என் காதில், “ஐயா, கோவிச்சுக்காதீங்க, நீங்க யாரு?” என்று கேட்டார். சொன்னேன். அவர் பாண்டுக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார், பாட்டு பாதியில் நின்றது, எல்லோரும் உட்கார்ந்தார்கள். மிச்ச தூரத்தை நாங்கள் எங்கள் செருப்புச் சத்தத்திலேயே நடந்து முடித்தோம்.

இனித்தான் முக்கியமான இடம். சாலை ஓட்டம் என்பது மைதானத்தில் தொடங்கி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, மைதானத்திலேயே முடிவது. ஓட்டத்துக்கு முந்தின நாள் எல்லா அணித் தலைவர்களையும் காரில் ஏற்றிப் பாதையைக் காட்டினார்கள். நான் கவனமாகப் பார்த்து, தொரீபியோவை உட்காரவைத்து, நம் ஊர் முறைப்படி வழி சொன்னேன்: “வாசல்லேர்ந்து ஏரிப்பக்கம் நாலு தெரு. அங்கேர்ந்து மேல மருந்துக் கடை வரைக்கும். அங்க மலைப்பக்கம் திரும்பிக்க.” அவன் மூன்று முறை தப்பில்லாமல் ஒப்பித்தான். நீங்களே சொல்லுங்கள், நம் ஊரில் வேறு எப்படி வழி சொல்வார்கள்? வடக்குக்கு ஏரிப்பக்கம், கிழக்குக்கு மேலே என்பதைத் தவிர, வடக்கு என்ற சொல்லை நம் தெருவில் யார் வாயிலாவது கேட்டிருக்கிறீர்களா? ஏரி எந்தப் பக்கம் என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். இந்த ஊரிலும் ஏரி ஒன்று இருக்கிறது, ஆனால் அது வேறு திசையில், மலைக்குப் பின்னால், பல மைல் தூரத்தில் இருக்கிறது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காரில் உட்கார்ந்திருந்தபோது ஏரி நம் வீட்டுக்குப் பின்னால் இருப்பதுபோலவே எனக்குத் தோன்றியது.

மறுநாள் மதியம் துப்பாக்கி வெடித்தது. நம் பிள்ளை தோல் செருப்போடு எல்லோருக்கும் முன்னால் வாசலைத் தாண்டினான். முதலாவதாக அத்தான், முதலாவதாக! கொஞ்ச நேரம்தான், ஆனாலும் முதலாவதாக. முதல் மூலையில் ஏரி கண்ணில் படாததால், பூப்பூசா என்ற சோள அடை சுட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், “அம்மா, ஏரி எந்தப் பக்கம்?” என்று கேட்டிருக்கிறான். அவள் தோசைக்கரண்டியால் கிழக்கே காட்டினாள். கிழக்கே போய்விட்டான். அவன் காலெடுத்து வைத்த உறுதியைப் பார்த்து, இவனுக்கு வழி தெரிந்திருக்கிறது என்று நம்பி, பின்னால் வந்த மூன்று பேர் அவனைத் தொடர்ந்து திரும்பிவிட்டார்கள்: எலெயுதேரியோ என்ற ஹோண்டுராஸ்காரன், ஒரு குவாத்தமாலாக்காரன், ஒரு பனாமாக்காரன். நாலு தெரு என்றேன் அல்லவா, நாலு தெரு முடிந்தும் ஏரி வரவில்லை, நாற்பது தெரு முடிந்தும் வரவில்லை. காப்பித் தோட்டம் வந்தது, மாட்டு வண்டிகள் வந்தன. எலெயுதேரியோ பிறகு என்னிடம் சொன்னான்: “வழியில ஒரு கன்னுக்குட்டி எங்ககூடவே ஓடியாந்துச்சுங்க. அதுதான் மொதல்ல சந்தேகப்பட்டு நின்னுச்சு.”

அப்போதுதான் நால்வரும் நின்றார்கள். எலெயுதேரியோ, “டேய், உனக்கு வழி தெரியுமா தெரியாதா?” என்று கேட்க, இவன், “எனக்கு எல்லா வழியும் தெரியும், இது எந்த ஊருன்னுதான் தெரியல” என்றானாம். ஒரு வண்டிக்காரரிடம் மைதானத்துக்கு வழி கேட்டார்கள். அவர் சர்ச், பள்ளிக்கூடம், பாலம் என்று வரிசையாகச் சொன்னார். தொரீபியோவுக்கு ஒன்றும் ஏறவில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே, பூகம்பம் நம் ஊரைத் தரைமட்டமாக்கிய மறுவாரமே கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அவன். வீடில்லை, கதவில்லை, தெருவில்லை, ஆனாலும் டோனா எர்மீனியாவுக்கு வந்த கடிதம் டோனா எர்மீனியாவின் கையில் இருந்தது. நான்கு வருடமாக இல்லாத கட்டடங்களை அடையாளம் வைத்தே நடந்து பழகியவன். எல்லாமே நின்றுகொண்டிருக்கும் ஊரில் அவன் எப்படி வழி கண்டுபிடிப்பான்? கடைசியில் வண்டிக்காரரைக் கும்பிட்டு, “பெரியவரே, இப்ப இருக்கறதெல்லாம் சொல்லாதீங்க. மைதானம் கட்டறதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு? போற வழியில முன்னாடி என்னென்ன இருந்துச்சு? அதச் சொல்லுங்க” என்றான். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. எரிந்துபோன சாராயக் கிடங்கு, வெட்டிவிட்ட இலவ மரம், தூர்த்த கிணறு, அப்புறம் மைதானம் வந்த பழைய மாட்டுப் பண்ணை என்று சொல்லிக்கொண்டே போனார். தொரீபியோ ஒரே முறை கேட்டான். பிறகு எங்கும் நிற்காமல், யாரையும் கேட்காமல், மூன்று நாட்டு ஆட்களைப் பின்னால் கூட்டிக்கொண்டு நேராக வந்துவிட்டான். அந்த மரம் நின்ற இடத்தில், மரத்தை இடித்துக்கொள்ளாமல் விலகி ஓடினான் என்று எலெயுதேரியோ சத்தியம் செய்கிறான்.

மைதானத்தில் பரிசெல்லாம் கொடுத்து முடித்து, பாண்டுக்காரர்கள் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்துவிட்டது. நான் வாசலிலேயே நின்று, அக்காவுக்கு என்ன பதில் சொல்வது, மெர்செதீத்தாஸ் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். அப்போது நால்வரும் வந்தார்கள். நம் பிள்ளை முன்னால்! பின்னால் எலெயுதேரியோ, அப்புறம் குவாத்தமாலாக்காரன். பனாமாக்காரன் வாசலுக்கு வந்ததும் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு சுற்று ஓடினால் முடிந்தது, பெண் நம்முடையது. நான் என் வயதை மறந்து, கோட்டைக் கழற்றி ஆட்டி, “ஓடுடா! நிக்காதே! ஓடு! மெர்செதீத்தாஸை நெனச்சுக்க!” என்று கத்தினேன். அவன் நின்றான். நின்று, எலெயுதேரியோவை, “நீ போ” என்று முன்னால் தள்ளினான். குவாத்தமாலாக்காரனையும் தள்ளினான். திரும்பி வந்து பனாமாக்காரனைத் தோளில் கை கொடுத்துத் தூக்கினான். எனக்கு வந்த ஆத்திரத்தில், “மடையா, கடைசியா வந்தா என்ன ஆகும்னு மறந்துட்டியா?” என்றேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: “மறக்கலிங்க டொன் கசிமீரோ. ஆனா இவங்க மூணு பேரையும் தொலைச்சவன் நான். இவங்க சேர வேண்டிய எடத்துல சேர்ந்த பொறகுதான் நான் போகணும். பையில ஒரு கடிதம் மிச்சம் இருக்கறப்ப எந்தத் தபால்காரனாவது வீட்டுக்குப் போவானா?”

பனாமாக்காரனை முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, பிறகு தான் கால் வைத்தான். மிச்சமிருந்த கூட்டம் அவன் மார்பில் நீலமும் வெள்ளையும் பார்த்துத் தங்கள் பிள்ளை என்று நினைத்து எழுந்து நின்று கத்தியது. இந்த முறை யாரும் வந்து நீ யார் என்று கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது அத்தான். வழி தவறச் சொன்னது நான். அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அப்படியானால் தந்தி? சொல்கிறேன். நடுவர்கள் கூடிப் பேசி, இந்த நால்வரும் குறித்த பாதையில் ஓடவில்லை, அதனால் இவர்கள் ஓடியதாகவே கணக்கில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அச்சடித்த முடிவுப் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பெயரைப் பாருங்கள், யாரோ ஒரு கோஸ்டாரிக்காக்காரர், பாவம். தொரீபியோ பெயர் அங்கே இல்லை. வேறு எங்கும் இல்லைதான், ஆனால் கடைசியில் இல்லை! அந்தத் தாளைப் பார்த்ததும் தந்தி ஆபீசுக்கு நான் ஓடிய ஓட்டத்தை ஓட்டப் பந்தயத்தில் சேர்த்திருந்தால் நாட்டுக்கு ஒரு மெடல் கிடைத்திருக்கும்.

அத்தான், உங்கள் வார்த்தை உங்கள் வார்த்தைதான். கடைசியாக வந்தால் என்று சொன்னீர்கள், பட்டியல்படி அவன் கடைசியாக வரவில்லை. சட்டம் நம் பக்கம். சட்டத்தை விட்டுவிட்டு மனிதனைப் பார்த்தாலும் சொல்லுங்கள், உங்கள் பெண்ணை இவன் கையில் கொடுத்தால் எந்தக் காட்டில் தொலைந்தாலும் முதலில் அவளை வீட்டில் சேர்த்துவிட்டுத்தான் அவன் உள்ளே வருவான். இதற்குமேல் ஒரு மாப்பிள்ளையிடம் என்ன கேட்பது? பத்து நாள் எடுத்துக்கொண்டு நிதானமாக யோசியுங்கள். அதுவரை மெர்செதீத்தாஸுக்குத் தெரிய வேண்டாம், தொரீபியோவுக்கும் நான் இப்படி எழுதினேன் என்று தெரிய வேண்டாம்.

நாளை புரூனோ குண்டு எறிகிறான். அந்தப் பக்கத்து இருக்கைகளைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு என் அன்பு, பாதிரியாருக்கு வணக்கம், வீட்டில் எல்லோருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் உங்களுக்குச் சீக்கிரம் ஒரு கண்ணாடியும் அருளட்டும்.

உங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
கசிமீரோ

பின்குறிப்பு: ஒட்டிய உறையைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். விஷயம் கெட்டுவிட்டது. தபாலில் போடச் சொல்லி இதைத் தொரீபியோவிடம் கொடுத்தேன். “என் கையில வந்த கடிதத்த இன்னொருத்தன் கையில குடுக்கறதா? லீவு முடிஞ்சு நான் இன்னைக்குத்தான் ஊருக்குப் போறேன், நானே கொண்டுபோய்ச் சேத்துடறேன்” என்கிறான். பட்டியலையும் காட்டிப் பார்த்தேன். “மைதானத்துல எனக்குப் பின்னாடி யாராவது வந்தாங்களா? வரலல்ல? அப்ப நான்தான் கடைசி. டொன் அன்செல்மோ படிய மிதிக்க மாட்டேன், சன்னல் வழியா போட்டுடறேன்” என்கிறான். ஆகவே இந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று இப்போதுதான் உறைத்தது. கிரானடாக் கண்ணாடி இந்நேரம் வந்திருக்காது, அது இல்லாமல் நீங்கள் இதைப் படித்திருக்க முடியாது. அக்காவுக்கு எழுத்து வராது. அப்படியானால் இதை முதலிலிருந்து உரக்கப் படித்துக்கொண்டிருப்பது யார் என்று எனக்குத் தெரியும். அத்தான், இதுவரை நீங்கள் கேட்டதில் தொரீபியோ முதலாவதாக வந்து தங்க மெடல் வாங்கினான் என்றோ, ஜனாதிபதி கட்டிப்பிடித்தார் என்றோ ஏதாவது வந்திருந்தால், அது நான் எழுதியதல்ல.

மெர்செதீத்தாஸ் கண்ணு, மற்றதை எப்படிப் படித்தாயோ போகட்டும். இந்த ஒரு வரியை மட்டும் எழுதியிருக்கிறபடியே படித்துவிடு: அத்தான், பிள்ளை சன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்கிறான், போய்க் கதவைத் திறங்கள்.